பொறி எங்கே போயிற்று?

2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசிய அக்காற்று மேற்கு நோக்கி நகர்ந்தபோது, நம் புதுக்கோட்டை மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. அறந்தாங்கி, ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், கறம்பக்குடிப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. புயல் தாக்கிய மாவட்டங்கள் அனைத்திலும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. உட்கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்காயிற்று.

விளக்கு இல்லாதது ஒரு துன்பம் என்றால், தண்ணீர் இல்லாதது அதனினும் பெருந்துன்பம். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத நம் மாவட்டத்தில் பல ஊர்களுக்கு ஆழ்துளைக் கிணறுதான் குடிநீருக்கு வழி. மோட்டார் ஓடினால்தான் நீர் மேலே வரும். ஆகவே அந்நாட்களில் ஊர்தோறும் மக்கள் ஜெனரேட்டரைத் தேடி அலைந்தனர். வாடகைக்கு எடுத்து வந்து மேல்நிலைத் தொட்டிகளை நிரப்பினர்.

புயல் அடித்த நான்காம் நாள் மாலை, நிவாரணப் பொருள்களுடன் ஆலங்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தோம். நம்மை வரவேற்ற கத்தோலிக்கக் குடும்பத்தில் ஆறு வயதுச் சிறுமிக்குக் கடுமையான மூச்சிரைப்பு. மருந்தை ஆவியாக்கிச் சுவாசிக்கச் செய்யும் நெபுலைசர் கருவி வீட்டிலேயே இருந்தது. மருந்தும் இருந்தது. மின்சாரந்தான் இல்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கித் தந்த சிறு ஜெனரேட்டர் மூன்று நாளும் இரவு பகலாக ஓடி, அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் தண்ணீர் தந்துவிட்டு, அன்று பிற்பகல் நின்றது, நின்றது நின்றதுதான். வீட்டுத் தலைவர் கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கை கொப்பளித்துப் போயிற்று. “காயில் போய்விட்டது. புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனால்தான் ஆகும்” என்றார் அண்டை வீட்டுக்காரர். சாலையிலோ பல இடங்களில் மரங்கள் கிடந்தன. பாட்டி செபமாலையை உருட்டியபடி பேத்தியின் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்த ஜெனரேட்டர் அன்றிரவே ஓடியது. காயில் மாற்றப்படவில்லை, கடைக்கும் யாரும் போகவில்லை. அது எப்படி நிகழ்ந்தது என்பதைப் பின்னர்ச் சொல்கிறோம். ஆவூர் முதல் மணமேல்குடி வரை, நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றில் இன்று இத்தகைய சிறு பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று மூலையில் இருக்கிறது. தேவைப்படும் நாளில் அது ஓடாமற் போவதற்குப் பெரும்பாலும் காரணம் சிறியதாகவே இருக்கும். பதறாமல், ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படி பார்த்தால் அதனை வீட்டிலுள்ளவர்களே கண்டுபிடித்துவிடலாம். அந்த வரிசையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொறி பிறக்கும் விதம்

பெட்ரோல் இயந்திரம் ஓட மூன்று வேண்டும். காற்றும் பெட்ரோலும் தக்க அளவில் கலந்து உள்ளே செல்ல வேண்டும். அக்கலவை பிஸ்டனால் நன்கு அழுத்தப்பட வேண்டும். சரியான கணத்தில் ஒரு தீப்பொறி எழ வேண்டும். அப்பொறி எழும் இடம் ஸ்பார்க் பிளக்கின் நுனி.

கயிற்றை இழுத்து ஓட்டும் இயந்திரத்தில் பொறிக்கென்று பேட்டரி கிடையாது. இயந்திரத்தோடு சுழலும் கனமான சக்கரத்தின் விளிம்பில் காந்தம் பதிக்கப்பட்டுள்ளது. சக்கரத்தை ஒட்டி, மயிரிழை இடைவெளியில் காயில் பொருத்தப்பட்டுள்ளது. காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுற்றுகள் உண்டு. ஒன்று தடித்த கம்பியில் சில சுற்று. மற்றொன்று மெல்லிய கம்பியில் பல்லாயிரம் சுற்று. காந்தம் காயிலைக் கடக்கும்போது முதற்சுற்றில் மின்னோட்டம் பிறக்கிறது. அதனைத் திடீரென்று துண்டித்தால், இரண்டாம் சுற்றில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் எழும்புகிறது. அந்த அழுத்தமே பிளக் நுனியின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாய்கிறது. இந்த அமைப்பு முழுவதற்கும் மேக்னெட்டோ என்று பெயர். சாதாரண வீட்டு ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்கிறது. அதாவது நொடிக்கு ஐம்பது சுற்று.

இந்தக் காயிலின் பிறப்பில் திருச்சபைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நம்மில் பலர் அறியோம். அயர்லாந்து நாட்டில் மேனூத் என்னும் ஊரிலுள்ள புனித பேட்ரிக் குருத்துவக் கல்லூரியில் 1826 முதல் இயற்கை அறிவியல் பேராசிரியராயிருந்தவர் நிக்கோலஸ் காலன் அடிகளார். 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் தத்துவத்தைப் பின்பற்றி, 1836-இல் இரட்டைச் சுற்றுத் தூண்டு காயிலை அவர் அமைத்தார். தம் மின்கலங்களின் வலிமையை அளக்க அந்நாளில் கருவி இல்லாமையால், குருமாணவர்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தே சோதித்தாராம்! அவர் வெறும் ஆய்வுக்கூட மனிதரல்லர்; புனித அல்போன்ஸ் லிகோரியாரின் ஞான நூல்கள் பலவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். அவர் கண்ட காயில் நெடுங்காலம் ரூம்கார்ஃப் என்னும் கருவி வினைஞரின் பெயராலேயே வழங்கிற்று. 1864-இல் இறைவனடி சேரும்வரை அடிகளார் தம் கல்லூரிப் பணியிலேயே நிலைத்திருந்தார்.

பிறகு ஜெர்மனியில் ராபர்ட் போஷ் 1887-இல் நிலையான இயந்திரம் ஒன்றுக்கு மேக்னெட்டோ செய்தார். அவருடன் பணியாற்றிய கோட்லோப் ஹோனோல்ட் 1902-இல் ஸ்பார்க் பிளக்குடன் கூடிய உயர் அழுத்த மேக்னெட்டோவை அமைத்தார். நம் வீட்டு மூலையில் இருப்பது அவ்வழி வந்ததே.

ஒன்று நினைவிருக்கட்டும். பங்குத் திருவிழாவுக்கு வண்டியில் ஏற்றி வரும் பெரிய ஜெனரேட்டர் டீசலில் ஓடுவது. அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தின் வெப்பத்திலேயே டீசல் தீப்பற்றுகிறது. ஆகவே இங்குச் சொல்வன அதற்குப் பொருந்தா.

கயிற்றை மீண்டும் இழுக்குமுன்

இயந்திரம் எழவில்லையென்றால், மேலும் ஐம்பது முறை இழுப்பதில் பயனில்லை. கயிறு அறும், தோள் நோகும், உள்ளே பெட்ரோல் தேங்கி நிலைமை மோசமாகும். நின்று நிதானமாகக் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

முதலாவது, இயந்திரத்தின் சுவிட்ச் ‘ஆன்’ நிலையில் இருக்கிறதா? சிரிக்க வேண்டாம். இருட்டில், பதற்றத்தில், இது மறக்கப்படுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். 

இரண்டாவது, பெட்ரோல் குழாய்த் திருகு திறந்திருக்கிறதா? தொட்டி மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபடாமல் இருக்கிறதா? 

மூன்றாவது, குளிர்ந்த இயந்திரமாயின் சோக் மூடிய நிலையிலும், ஓடிச் சூடான இயந்திரமாயின் சோக் திறந்த நிலையிலும் இருக்கிறதா? 

நான்காவது, இயந்திரம் சமதரையில் நிற்கிறதா? எண்ணெய் போதுமான அளவு இருக்கிறதா?

இந்த நான்காவது கேள்விக்கும் பொறிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. இன்றைய ஜெனரேட்டர்கள் பெரும்பாலானவற்றில், எண்ணெய் குறைந்தால் இயந்திரம் தேய்ந்து அழியாதபடி காக்க, அடிப்பாகத்தில் ஒரு சிறு மிதவைச் சுவிட்ச் உண்டு. எண்ணெய் குறைந்தவுடன் அது காயிலின் மின்னோட்டத்தை இயந்திரத்தின் உடலோடு இணைத்துவிடும். அத்துடன் பொறி நின்றுபோகும். எண்ணெய் சரியாக இருந்தாலும், இயந்திரம் சரிந்த தரையில் நின்றால் இதே விளைவு ஏற்படலாம். பார்ப்பவருக்கோ ‘காயில் போய்விட்டது’ என்றே தோன்றும்.

ஆலங்குடிப் பக்கத்து வீட்டில் நடந்தது இதுவே. ஐ.டி.ஐ.யில் படிக்கும் பையன் ஒருவன் கூட்டத்தை விலக்கி வந்து, “மாமா, ஆயில் பாத்தீங்களா?” என்று கேட்டான். மாமா விழித்தார். அளவுக் குச்சியைத் துடைத்து உள்ளே விட்டு எடுத்தால், நுனியில் கூட ஈரம் இல்லை. சிறு ஜெனரேட்டருக்குள் இருப்பது ஏறக்குறைய அரை லிட்டர் எண்ணெயே. மூன்று நாள் ஓய்வின்றி ஓடியதில் அது குறைந்துபோயிருந்தது. மோட்டார் சைக்கிளுக்கென்று வாங்கி வைத்திருந்த எண்ணெயை ஊற்றி, சமதரைக்கு நகர்த்தி, இரண்டாம் முறை கயிற்றை இழுத்ததும் இயந்திரம் உறுமி எழுந்தது. அரைமணி நேரத்தில் சிறுமியின் இரைப்பு தணிந்தது.

பொதுவாக நூறு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை எண்ணெயை மாற்ற வேண்டும். புயற்காலத்தில் நாளொன்றுக்குப் பத்து மணி ஓடினால் பத்தே நாளில் அந்நேரம் வந்துவிடும். அளவை மட்டும் தினமும் ஓட்டுமுன் பார்த்துக்கொள்வது நலம்.

பிளக் சொல்லும் செய்தி

மேற்சொன்னவை யாவும் சரியாயிருந்தும் எழவில்லையெனில் பிளக்கைக் கழற்றுங்கள். இயந்திரம் நன்கு ஆறியபின்னரே கழற்ற வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினியப் புரி கெட்டுவிடும். ரப்பர் தொப்பியைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். சுற்றியுள்ள மணலை ஊதித் துடைத்துவிட்டு, பிளக் ஸ்பானரால் திருகி எடுங்கள்.

நுனி இளம் பழுப்பாக, உலர்ந்து இருந்தால் நல்லது. கருங்கரி படிந்திருந்தால், சோக்கைத் திறக்காமலே ஓட்டியிருக்கிறோம், அல்லது காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால், எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கலாம். இல்லையேல் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். பெட்ரோலில் நனைந்திருந்தால், பெட்ரோல் வருகிறது, ஆனால் எரியவில்லை என்பது பொருள். பலமுறை இழுத்தும் சிறிதும் ஈரமின்றி இருந்தால், பெட்ரோலே உள்ளே வரவில்லை. அப்போது பழி பொறியின்மீது அன்று, கார்புரேட்டரின்மீது.

கரியைப் பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துணியால் துடையுங்கள். வெள்ளைப் பீங்கான் பகுதியைக் கத்தியால் சுரண்டாதீர்கள். பீங்கானில் கீறலோ விரிசலோ கண்டால் பிளக்கை மாற்றிவிடுவதே முறை. நுனியின் இரு முனைகளுக்கும் இடையே பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்க வேண்டும். வங்கியில் தரும் ஏ.டி.எம். அட்டையின் கனம் ஏறத்தாழ அவ்வளவே. அதனைக் கொண்டு ஒப்பிட்டுக்கொள்ளலாம். இயந்திரத்தோடு தந்த கையேட்டில் வேறு அளவு குறித்திருந்தால் அதுவே சரி.

பொறிச் சோதனை

இச்சோதனையில் எச்சரிக்கை வேண்டும். பெட்ரோல் ஆவி ஒரு சிறு பொறிக்குக் காத்திருக்கும் பொருள். பெட்ரோல் திருகை மூடுங்கள். சிந்தியதைத் துடைத்து உலரவிடுங்கள். மெழுகுவர்த்தி, அரிக்கேன் விளக்கு, பீடி எதுவும் அருகில் கூடாது. பிளக்கைக் கழற்றிய நிலையில், சுவிட்சை அணைத்தவாறே கயிற்றை நாலைந்து முறை இழுத்து, உள்ளே தேங்கிய பெட்ரோல் ஆவியை வெளியேற்றிவிட்டுச் சற்றுப் பொறுங்கள்.

பின்னர், கழற்றிய பிளக்கைத் தொப்பியில் செருகுங்கள். அதன் இரும்பு உடல் இயந்திரத்தின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியில் நன்கு படியும்படி, ரப்பர்க் கைப்பிடியிட்ட குறடால் பிடித்துக்கொள்ளுங்கள். பிளக் இருந்த துளையிலிருந்து தள்ளியே பிடிக்க வேண்டும். வெறுங்கையால் தொடக்கூடாது. சுவிட்சை ‘ஆன்’ செய்து, மற்றொருவரைக் கயிற்றை வேகமாக இழுக்கச் சொல்லுங்கள். நிழலான இடத்தில் பார்த்தால் நுனியில் நீலப் பொறி ‘சட்’டென்று தெறிக்கும். சிவந்து, மெலிந்து, விட்டுவிட்டு வந்தால் பொறி வலுவற்றது. இதயத்தில் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியவர்கள் இச்சோதனையிலிருந்து விலகியிருப்பது நன்று.

பொறி இல்லையெனில்

இங்கேதான் பலர் உடனே காயிலைக் குற்றஞ்சாட்டுகின்றனர். விலையுயர்ந்த அந்த உறுப்பைக் கடைசியாகச் சந்தேகிப்பதே முறை. மலிவானதிலிருந்து தொடங்குவோம்.

முதலில் புதிய பிளக் ஒன்றை மாட்டிச் சோதியுங்கள். பார்வைக்கு நன்றாயிருக்கும் பிளக்கும் உள்ளே பழுதாகியிருக்கக் கூடும். எனவே அதே எண்ணுடைய பிளக் ஒன்றை வாங்கி, பெட்டியில் போட்டு வைப்பது விவேகம்.

அடுத்தது ரப்பர்த் தொப்பி. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றுப் பட்டு, தொப்பிக்குள் இருக்கும் பித்தளை பச்சைக் களிம்பு ஏறிவிடும். திருகிக் கழற்றக்கூடிய தொப்பியாயின் கழற்றி, வயரின் நுனியில் சிறிதளவு வெட்டிவிட்டு, புதுக் கம்பி தெரியுமாறு மீண்டும் திருகுங்கள். தொப்பியில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள்; மழைக்காலத்தில் அவ்வெடிப்பின் வழியே மின்சாரம் உடலுக்குக் கசிந்துவிடும்.

மூன்றாவது, நிறுத்தும் வயர். சுவிட்சை அணைத்தால் இயந்திரம் எப்படி நிற்கிறது? காயிலிலிருந்து வரும் ஒரு மெல்லிய வயரைச் சுவிட்ச் இயந்திரத்தின் உடலோடு இணைக்கிறது, பொறி அடங்குகிறது. இந்த வயரை எலி கடித்து, உள்ளிருக்கும் கம்பி எங்கேனும் உலோகத்தில் பட்டுக்கொண்டிருந்தால், சுவிட்ச் ‘ஆன்’ நிலையில் இருந்தும் பயனில்லை. இயந்திரம் எப்போதும் அணைக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். நெல் மூட்டைக்கு அருகில் வைக்கப்படும் ஜெனரேட்டர்களில் எலியின் கைவரிசை சாதாரணம். சோதிப்பதற்காக மட்டும் அந்த வயரைக் காயிலிலிருந்து பிரித்துவிட்டுப் பாருங்கள். பொறி வந்தால் காயில் நலமே. குறை வயரில் அல்லது சுவிட்சில். வயர் பிரிந்த நிலையில் இயந்திரத்தைச் சுவிட்சால் நிறுத்த முடியாது என்பதை மறவாதீர்கள். பெட்ரோல் திருகை மூடியே நிறுத்த வேண்டும்.

நான்காவது, எண்ணெய்ச் சுவிட்ச். எண்ணெய் நிறைந்திருந்தும் மிதவை பழுதாகிச் சிக்கிக்கொள்வதுண்டு. அதன் வயரை ஒரு கணம் பிரித்து, பொறி வருகிறதா என்று பார்க்கலாம். வந்தால் மிதவையை மாற்றுங்கள். வயரைப் பிரித்தபடியே ஓட்டுவது, வீட்டுக் காவல் நாயைக் கட்டிப்போட்டுவிட்டு வாசலைத் திறந்து வைப்பது போலாகும்.

இவையனைத்தும் சரியாயிருந்தும் பொறி வரவில்லையென்றால்தான் காயில். அப்போதும் மாற்றுமுன் ஒன்று பார்க்கலாம். காயிலின் கால்களுக்கும் சக்கரத்தின் காந்தத்துக்கும் இடையே 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை, அதாவது ஒரு விசிட்டிங் கார்டின் கனம், இடைவெளி இருக்க வேண்டும். துருப் பிடித்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, கார்டை இடையில் வைத்துத் திருகை முடுக்கலாம். இத்தனைக்கும் பொறி வரவில்லையெனில் புதிய காயில் வாங்குவதில் தவறில்லை. பழைய மண்ணெண்ணெய் இயந்திரம் வைத்திருப்போர், காயிலோடு ‘பாயிண்ட்’டையும் கண்டென்சரையும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். பாயிண்ட் கருகியிருந்தாலும் பொறி எழாது.

பொறி உண்டு, ஓட்டம் இல்லை

நீலப் பொறி நன்றாக வந்தும் இயந்திரம் எழவில்லையானால், பெரும்பாலும் குற்றம் பெட்ரோலுடையது. நம் நாட்டில் பெட்ரோலுடன் 10 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை 2022-இல் எட்டப்பட்டது. 2023 முதல் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. தொட்டியில் மாதக்கணக்காகக் கிடக்கும் பெட்ரோலின் எளிதில் எரியும் பகுதி ஆவியாகிப் போக, எஞ்சியது பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளையை அடைத்துவிடும்.

விளக்குகளுடன் மணவாளனை எதிர்நோக்கிய பத்துக் கன்னியரின் உவமையை நாம் அனைவரும் அறிவோம். முன்கூட்டி எண்ணெய் எடுத்து வைத்தவர்களே விவேகிகள் எனப்பட்டனர். அவர்களின் எண்ணெய் நாட்பட்டாலும் எரியும். நம் பெட்ரோலோ, எடுத்து வைத்தால் மட்டும் போதாது. ஒரு மாதத்துக்கு மேல் கிடந்ததை மோட்டார் சைக்கிளில் ஊற்றிச் செலவழித்துவிட்டு, புதியதை ஊற்ற வேண்டும். நெடுநாள் ஓட்டப் போவதில்லையெனில் தொட்டியையும் கார்புரேட்டர்க் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள்.

புதிய பெட்ரோல் ஊற்றியும் எழாமல், கயிறு திடீரென்று கையைப் பின்னுக்கு இழுத்தாலோ, வெடிச்சத்தம் கேட்டாலோ, சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் சிறு சாவித்துண்டு நசுங்கி, பொறி தவறான கணத்தில் வருகிறது என்று கொள்ளலாம். குளிர்ந்திருக்கையில் ஓடி, சூடேறியதும் நின்று, ஆறியபின் மீண்டும் ஓடினால் காயில் உள்ளுக்குள் பழுதாகி வருகிறது. இவ்விரண்டும் மெக்கானிக்கின் கையில் விட வேண்டியவை.

சோதனை முடிந்து பிளக்கைத் திரும்ப மாட்டும்போது முதலில் கையாலேயே திருகுங்கள். அடிபட்டபின், பழைய பிளக்காயின் கால் சுற்றும், புதியதாயின் அரைச் சுற்றும் ஸ்பானரால் முடுக்கினால் போதும்.

ஓடத் தொடங்கியபின்

ஆலங்குடிப் பக்கத்து வீட்டுக்கு மீண்டும் வருவோம். இயந்திரம் எழுந்த மகிழ்ச்சி அடங்குமுன் தூறல் தொடங்கிற்று. “நனைந்துவிடும், உள் நடையில் வையுங்கள்” என்று யாரோ சொல்ல, நால்வர் அதனைத் தூக்கக் குனிந்தனர். நாம் கையமர்த்தித் தடுத்தோம். அந்த நடைக்கு அடுத்த அறையில்தான் மூச்சிரைக்கும் சிறுமி படுத்திருந்தாள்.

ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு, உயிர்வளியைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுதலுடன் அது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம் என்று வரும். உறங்குபவர் எழாமலே போவர். சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பது தவறான நம்பிக்கை. வீட்டுக்குள்ளோ, நடையிலோ, மாட்டுக்கொட்டகையிலோ, மாடிப்படியின் அடியிலோ ஜெனரேட்டரை ஒருபோதும் ஓட்டக்கூடாது. கதவு சன்னல்களிலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் நோக்குமாறு, வெளியே வைக்க வேண்டும். அன்று நாங்கள் நான்கு கம்பு நட்டு, பக்கங்களைத் திறந்துவிட்டு, இயந்திரத்துக்கு மேல் உயரமாகத் தகரம் ஒன்றைக் கட்டினோம். மழையும் விழவில்லை, புகையும் தங்கவில்லை.

மற்றோர் ஆபத்து அண்டை மனிதருக்கானது. சிலர் ஜெனரேட்டரின் வயரைச் சுவரிலுள்ள பிளக்கில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் பாய்ச்சுகின்றனர். அந்த மின்சாரம் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குச் செல்லும். டிரான்ஸ்ஃபார்மர் இருபுறமும் வேலை செய்யும் கருவி. நம் வீட்டு 230 வோல்ட் அதன் மறுபுறத்தில் 11,000 வோல்ட் வரியில் உயிர்பெற்று எழும். ‘மின்சாரம் இல்லை’ என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் தொழிலாளியின் உயிர் அதில் இருக்கிறது. கஜா புயலின்போது தம் குடும்பத்தை விட்டு வேற்றூர்களிலிருந்து வந்து நம் வயல்களில் கம்பம் நட்டவர்களை நாம் மறக்கலாமா? வீட்டு மின்னிணைப்போடு சேர்க்க விரும்புவோர் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு ‘சேஞ்ச் ஓவர்’ சுவிட்ச் அமைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வெள்ளியில் பத்து நிமிடம்

புயல் வருவதற்கு முதல் நாள் இவற்றையெல்லாம் நினைத்துப் பார்ப்பதில் பயனில்லை. திரு இருதயப் பக்தியுள்ள நம் குடும்பங்களுக்கு மாதத்தின் முதல் வெள்ளி மறக்க முடியாத நாள். அன்று பூசை முடிந்து வீடு திரும்பியதும், ஜெனரேட்டரை முற்றத்துக்குக் கொண்டுவந்து, எண்ணெய் பார்த்து, இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் இணைத்துப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருந்தாலும், எலி வயரைக் கடித்திருந்தாலும், பெட்ரோல் கெட்டிருந்தாலும், பகல் வெளிச்சத்தில், கடை திறந்திருக்கும் வேளையில் அது தெரிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் மாதத்து முதல் வெள்ளியை எக்காரணத்தாலும் தவறவிட வேண்டாம்.

இதனை வீட்டு ஆண்கள் மட்டுமே செய்ய வேண்டும் என்பதில்லை. நம் மாவட்டத்தில் எத்தனையோ இல்லங்களில் கணவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்க, மனைவியும் மாமியாருமே குடும்பத்தை நடத்துகின்றனர். எண்ணெய் பார்க்கவும், பிளக் கழற்றவும், பொறி சோதிக்கவும் அவர்களுக்கும், வளர்ந்த பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள். உதிரிப் பிளக் ஒன்று, பிளக் ஸ்பானர், அரை லிட்டர் எண்ணெய், குறடு, உப்புத்தாள், டார்ச் விளக்கு ஆகியவற்றை ஒரு டப்பாவில் இட்டு இயந்திரத்தின் அருகிலேயே வையுங்கள்.

அன்றிரவு நெபுலைசரின் ஓசை அடங்கியபின், அந்தப் பாட்டி தம் பேத்தி உறங்குவதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். ஐ.டி.ஐ. பையனின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்தார். பிறகு மகனைப் பார்த்து, “அந்தக் குச்சியை எப்படிப் பார்க்கிறதுன்னு எனக்கும் காட்டுடா” என்றார். டார்ச் வெளிச்சத்தில் மகன் காட்ட, எழுபது வயதுத் தாய் குனிந்து பார்த்துக் கற்றுக்கொண்டார்.